வேட்பாளர் விவாதம்: அமெரிக்காவில் நேரலை மேடை, நம்ம ஊரில் மூடிய அறை... திட்டு மட்டும் நெறியாளருக்கா?

2021 சட்டமன்றத் தேர்தலில் மயிலாப்பூர் தொகுதியின் திமுக வேட்பாளர் த.வேலு என்பது வாக்காளர்களுக்குத் தெரிந்தது மார்ச் 12-ம் தேதி. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. நடுவில் இருந்தது வெறும் 25 நாள்.

அந்த சீட்டை வேறு யாரெல்லாம் கேட்டார்கள்? நேர்காணலில் என்ன கேள்வி வந்தது? யார் என்ன பதில் சொன்னார்கள்? கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் இருப்பவருக்கும் தெரியாது, நொச்சிக்குப்பத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இது திமுகவுக்கு மட்டுமல்ல, எல்லா பெரிய கட்சிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் இதே வேலை டிவியில் நடக்கிறது. ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள், "என்னைத்தான் வேட்பாளராக நிறுத்த வேண்டும்" என்று நேரலையில் மோதுகிறார்கள். கேள்வி கேட்பவர் நெறியாளர். விவாதம் முடிந்ததும் ஜெயித்தது யார் என்பதோடு, நெறியாளர் நியாயமாக நடந்துகொண்டாரா என்பதும் பெரிய சண்டையாகிறது.

இங்கேயும் நெறியாளர்களுக்குத் திட்டு விழுகிறது. ஆனால் வேட்பாளர்கள் மோதும் அந்த மேடை மட்டும் இல்லை. ஏன்?

பிரைமரி விவாதம்னா என்ன?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் முடிவு செய்வதில்லை. மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தலில் கட்சியின் ஆதரவாளர்களே வாக்களிக்கிறார்கள். அதுதான் பிரைமரி. அதற்கு முன்பு நடப்பது பிரைமரி விவாதம்.

மேடையில் யார் ஏறலாம் என்பதற்கு முன்கூட்டியே விதி உண்டு. 2019-ல் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதத்துக்கு, 65,000 பேரிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும் அல்லது மூன்று கருத்துக்கணிப்பில் குறைந்தது 1 சதவீத ஆதரவு இருக்க வேண்டும். அப்படித் தேறியவர்கள் 20 பேர். ஒரே மேடையில் நிற்க வைக்க முடியாததால் இரண்டு இரவுகளாகப் பிரித்தார்கள். ஒரு கேள்விக்கு பதில் சொல்ல 60 விநாடி, துணைக் கேள்விக்கு 30 விநாடி. அவ்ளோதான்.

ஒரு கேள்வி, ஒரு கை... பெசன்ட் நகர் பேத்திக்கு வந்த சிக்கல்

2019 ஜூன் 27, மியாமி. இரண்டாவது இரவு மேடையில் கமலா ஹாரிஸ். அவருடைய தாய் ஷியாமளா சென்னையில் பிறந்தவர். தாத்தா பி.வி.கோபாலன் ஓய்வுக்குப் பிறகு வசித்தது பெசன்ட் நகரில். அந்தக் கடற்கரையில் தாத்தாவோடு நடந்ததைப் பற்றி கமலா பலமுறை பேசியிருக்கிறார்.

அன்று இரவு ஜோ பைடனைப் பார்த்து அவர் கேட்ட கேள்விகள் மறுநாள் தலைப்புச் செய்தி. கறுப்பினக் குழந்தைகளைப் பேருந்தில் வேறு பள்ளிகளுக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தில் பைடனின் பழைய நிலைப்பாட்டை, தன் பள்ளி நாட்களைச் சொல்லி மடக்கினார். கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு ஏறியது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. நெறியாளர் லெஸ்டர் ஹோல்ட், "அரசு நடத்தும் காப்பீட்டுக்காகத் தங்களது தனியார் மருத்துவக் காப்பீட்டைக் கைவிடுவோர் யார்?" என்ற பொருளில் கேட்டு, கையைத் தூக்கச் சொன்னார். கமலா கை தூக்கினார். தனியார் காப்பீட்டையே ஒழிக்க வேண்டும் என்கிறாரா என்று சர்ச்சை கிளம்பியது. என் சொந்தக் காப்பீட்டை விட்டுக்கொடுப்பேனா என்று கேட்டதாகத்தான் புரிந்துகொண்டேன் என்று மறுநாள் அவர் விளக்கம் கொடுத்தார்.

கேள்வியில் இருந்த "தங்களது" என்ற ஒரு சொல் இரண்டு விதமாகப் பொருள்படும். 60 விநாடி கொடுத்திருந்தால் அவர் விளக்கியிருக்கலாம். கையைத் தூக்கு, இறக்கு என்றால் விளக்க இடமில்லை. நெறியாளர் யார் பக்கமும் சாயாமல் இருந்தாலும், கேள்வியின் அமைப்பே ஒருவரைச் சிக்க வைத்துவிடும் என்பதற்கு இது உதாரணம்.

கமலா அந்த ஆண்டு டிசம்பரில் போட்டியிலிருந்தே விலகினார். அடுத்த ஆண்டு அதே பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். மேடையில் அடித்துக்கொண்டால் கட்சி உடைந்துவிடும் என்ற பயத்துக்கும் இது ஒரு பதில்.

நெறியாளர் மேல கோபம் அங்கேயும் உண்டு

2015 அக்டோபர் 28-ம் தேதி கொலராடோவில் சி.என்.பி.சி நடத்திய குடியரசுக் கட்சி விவாதத்தில், வேட்பாளர் டெட் குரூஸ் கேட்ட கேள்விக்கு பதில் சொல்வதை விட்டுவிட்டு நெறியாளர்களையே விளாசினார். நீங்கள் கொள்கையைக் கேட்கவில்லை, எங்களை ஒருவரோடு ஒருவர் மோத விடுகிறீர்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. அரங்கம் கைதட்டியது. இரண்டே நாளில், அடுத்த பிப்ரவரியில் என்.பி.சி-யோடு நடத்துவதாக இருந்த விவாதத்தைக் கட்சி நிறுத்தி வைத்தது. சேனலை மாற்றினார்களே தவிர, விவாதத்தைக் கைவிடவில்லை.

டொனால்ட் டிரம்ப் ஒரு படி மேலே போனார். 2015 ஆகஸ்டில் ஃபாக்ஸ் நியூஸ் நெறியாளர் மெகின் கெல்லி, பெண்களைப் பற்றி அவர் பேசியவற்றைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டார். அந்தச் சண்டை நீண்டு, 2016 ஜனவரியில் ஃபாக்ஸ் நடத்திய விவாதத்தையே டிரம்ப் புறக்கணித்தார். சில நாள் கழித்து அயோவாவில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் கடைசியில் வேட்பாளர் ஆனது அவரே.

2023-ல் அவர் ஒரு பிரைமரி விவாதத்துக்கும் வரவில்லை. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய அதே ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் நடந்த முதல் விவாதத்தில் எட்டுப் பேர் மேடையில் நின்றார்கள். பாலக்காட்டு வேர் கொண்ட, தமிழ் பேசும் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி அன்று அதிகம் பேசப்பட்டார். ஆனாலும் வேட்பாளர் ஆனது, வராத டிரம்ப்தான்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. முன்னணியில் இருப்பவர் வராமல் இருந்தால் நஷ்டமில்லை என்ற நிலை வந்துவிட்டால், எவ்வளவு நல்ல நெறியாளர் இருந்தாலும் மேடை பலவீனமாகிவிடும்.

சரி, நம்ம ஊர் 'பிரைமரி' எங்க நடக்குது?

தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயம், ராயப்பேட்டையில் அதிமுக தலைமை அலுவலகம், சத்தியமூர்த்தி பவன், தி.நகர் கமலாலயம். மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து எல்லாமே சில கிலோமீட்டர் தூரம்தான். தமிழ்நாட்டில் யாருக்கு சீட் என்பது இந்தக் கட்டடங்களையும் டெல்லியையும் சுற்றித்தான் முடிவாகிறது.

முறை பெரும்பாலும் இதுதான். கட்சி விருப்ப மனு வாங்கும். அதற்குக் கட்டணம் உண்டு. 2021-ல் திமுகவில் பொதுப் பிரிவினருக்கு 25,000 ரூபாய், அதிமுகவில் 15,000 ரூபாய். பிறகு நேர்காணல். அந்த ஆண்டு திமுக மார்ச் 2 முதல் 6 வரை நேர்காணல் நடத்தியது. அதிமுக ஆயிரக்கணக்கானவர்களுக்கு மார்ச் 4-ம் தேதி ஒரே நாளில் முடித்தது.

தொகுதியில் செல்வாக்கு எப்படி, எவ்வளவு செலவு செய்ய முடியும், கூட்டணிக்கு ஒதுக்கினால் வேலை பார்ப்பீர்களா... இப்படித்தான் கேள்விகள் இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்வதுண்டு. மழைநீர் வடிகாலுக்கு உங்கள் திட்டம் என்ன என்று யாராவது கேட்டார்களா என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. வெளியே வருவது பட்டியல் மட்டும்தான்.

ஆக, தேர்வின் முதல் பாதி முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடுகிறது. வாக்காளருக்கு மிஞ்சுவது கடைசிக் கட்டம் மட்டும்.

ஒரே ஒரு வாய்ப்பு வந்தது... ஏன் நடக்கல?

2022 காங்கிரஸ் தலைவர் தேர்தல், அமெரிக்க பிரைமரிக்கு இந்தியாவில் கிடைத்த நெருக்கமான உதாரணம். மல்லிகார்ஜுன கார்கே, சசி தரூர் என இரண்டு பேர் போட்டி. அதற்கு முன்பு இந்தப் பதவிக்குப் போட்டி நடந்தது 2000-ம் ஆண்டில், சோனியா காந்திக்கும் ஜிதேந்திர பிரசாதாவுக்கும் இடையில்.

பொது விவாதத்துக்குத் தயார் என்றார் தரூர். அப்போதுதான் பிரிட்டனில் லிஸ் டிரஸ்ஸும் ரிஷி சுனக்கும் கட்சித் தலைமைக்காக டிவியில் மோதி முடித்திருந்தார்கள். அதுபோல நடந்தால் மக்களுக்கு ஆர்வம் வரும் என்பது தரூரின் வாதம். கார்கே தரப்பு இறங்கி வரவில்லை. விவாதம் நடக்கவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் தரூர் ஆதரவு கேட்டு சென்னை வந்தார். சத்தியமூர்த்தி பவனில் அவரைச் சந்திக்க வந்த தமிழக வாக்காளர்கள், அதாவது கட்சிப் பிரதிநிதிகள், வெகு சிலரே. தலைமையின் ஆசி யாருக்கு என்று எல்லோரும் ஊகித்துவிட்ட பிறகு, எதிர்த்தரப்பின் கூட்டத்தில் முகம் காட்ட யார் வருவார்கள்?

அக்டோபர் 19-ல் முடிவு வந்தது. கார்கே 7,897 வாக்கு, தரூர் 1,072. விவாதம் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரும் கட்சியை எங்கே கொண்டுபோக நினைத்தார்கள் என்பதை எதிரெதிரே நிறுத்திக் கேட்கும் வாய்ப்பு போனது.

சென்னையிலிருந்து ஒரு கையெழுத்து, பதில் பாதிதான்

2024 மே மாதம், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு முயற்சி. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மதன் பி.லோகுர், டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, சென்னையைச் சேர்ந்த மூத்த பத்திரிகையாளர் என்.ராம் ஆகிய மூவரும் பிரதமர் மோடிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதினார்கள். கட்சி சார்பற்ற பொது மேடையில் விவாதிக்க வாருங்கள் என்பதுதான் அழைப்பு.

ராகுல் தயார் என்றார். பாஜக தரப்பில், இளைஞர் அணித் தலைவர் தேஜஸ்வி சூர்யா தங்கள் அணியின் துணைத் தலைவர் அபினவ் பிரகாஷை விவாதத்துக்கு அனுப்புவதாக பதில் கொடுத்தார். பிரதமர் வரவில்லை. அதுவும் நடக்கவில்லை.

அதே தேர்தலில் தென்சென்னையில் தமிழச்சி தங்கபாண்டியன், தமிழிசை சௌந்தரராஜன், ஜெயவர்தன் என்று மூன்று அறிமுகமான முகங்கள். மூவருமே மேடைப் பேச்சுக்குத் தயங்குபவர்கள் இல்லை. ஒரே அரங்கில், ஒரே கேள்விக்கு, ஒரே நேர அளவில் பதில் சொல்வதற்கு ஏற்ற போட்டி. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அந்தத் தேர்தலில் மாநில அளவில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வாக்கு பதிவானது, தென்சென்னையில் சுமார் 54 சதவீதம்தான். வாக்குப்பதிவு குறைய விவாதம் இல்லாதது மட்டும் காரணமில்லை. ஆனாலும், பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடும் ஊரில், வேட்பாளர்களுக்குள் என்ன வித்தியாசம் என்று காட்ட ஒரு மேடை இல்லாதது சின்ன விஷயமில்லை.

அப்போ தினமும் ராத்திரி டிவியில நடக்கிறது என்ன?

அது விவாதம்தான், ஆனால் வேட்பாளர் விவாதம் இல்லை. வருபவர்கள் பெரும்பாலும் செய்தித் தொடர்பாளர்கள். முடிவு எடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. "இதைத் தலைமைதான் சொல்ல வேண்டும்" என்று ஒரு வரியில் தப்பிக்கலாம். பக்கத்து நாற்காலியில் 'அரசியல் விமர்சகர்' என்ற பட்டையோடு ஒருவர் இருப்பார். அவர் எந்தக் கட்சிக்காகப் பேசுகிறார் என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

முடிவு எடுப்பவரைக் கேள்வி கேட்க முடியாத இடத்தில், பார்வையாளரின் கோபம் கண்ணுக்குத் தெரியும் ஒருவர் மேல் திரும்புகிறது. அவர்தான் நெறியாளர். "இவர் அந்தக் கட்சி ஆள்ப்பா", "நம்மாளைப் பேசவே விடல"... வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் கிளிப்புகளுக்குக் கீழே இதுதான் வருகிறது.

கட்சிகளும் அதே வழியில் போகின்றன. 2021 ஜூலையில், டிவி விவாதங்களில் தங்கள் சார்பில் யாரும் பங்கேற்க மாட்டார்கள் என்று அதிமுக அறிவித்தது. 2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் பட்டியலிட்டு, அவர்கள் நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்றது. அமெரிக்காவில் கட்சி சேனலை மாற்றியது. இங்கே நாற்காலியைக் காலி செய்கிறார்கள். அதனால் அவர்களுக்கு வாக்கு குறைவதில்லை.

நெறியாளர்கள் மேல் தவறே இல்லையா? இருக்கிறது. 2020 மே மாதம் நேரலையில் பாஜக நிர்வாகி தன்னை இழிவாகப் பேசியதாகச் சொல்லி காங்கிரஸ் எம்.பி. ஜோதிமணி வெளியேறினார். அந்த மாதிரி நேரத்தில் மைக்கை எப்போது நிறுத்துவது, யாரைத் தடுப்பது என்று முன்கூட்டியே எழுதிய விதி இல்லாவிட்டால், நெறியாளர் அந்த விநாடியில் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் ஒரு தரப்புக்கு அநியாயமாகத்தான் தெரியும்.

நெறியாளருக்கு வேறு நெருக்கடியும் உண்டு. 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு டிவி விவாத நிகழ்ச்சியில் ஏற்பட்ட மோதலை அடுத்து, அங்கே பேசிய இயக்குநர் அமீர் மீது மட்டுமல்ல, நிகழ்ச்சி நடத்திய சேனல் மீதும் போலீஸ் வழக்கு போட்டது.

நடுவர் வேற, நெறியாளர் வேற

தமிழ்ப் பார்வையாளருக்கு விவாதம் என்றால் முதலில் ஞாபகம் வருவது பட்டிமன்றம். தீபாவளி, பொங்கல் காலையில் சாலமன் பாப்பையா கடைசியில் தீர்ப்பு சொல்வார். அந்தத் தீர்ப்புக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம்.

பட்டிமன்ற நடுவர் கருத்து சொல்ல வேண்டும். விவாத நெறியாளர் சொல்லக் கூடாது. அவர் செய்ய வேண்டியது மூன்றே வேலை: எல்லோருக்கும் ஒரே நேர அளவு கொடுப்பது, கேட்ட கேள்விக்கு பதில் வரும்வரை விடாமல் கேட்பது, அப்பட்டமான பொய்யைப் பதிவோடு சுட்டிக்காட்டுவது.

இதில் மூன்றாவதுதான் வம்பு. 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸ் - டிரம்ப் விவாதத்தில் ஏ.பி.சி நெறியாளர்கள் டிரம்ப் சொன்ன சிலவற்றை அங்கேயே திருத்தினார்கள். மூன்று பேர் சேர்ந்து என்னோடு மோதினார்கள் என்றார் டிரம்ப். அதே ஆண்டு ஜூனில் பைடன் - டிரம்ப் விவாதத்தில் சி.என்.என் நெறியாளர்கள் மேடையில் திருத்தவே இல்லை. ஏன் திருத்தவில்லை என்று அவர்களுக்கும் திட்டு விழுந்தது. எதைச் செய்தாலும் கோபம் வரும். எதைச் செய்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குறைந்தபட்சம் அதை அளக்க ஒரு அளவுகோல் இருக்கும்.

விதி ஏற்கெனவே இருக்கு!

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1998 முதல், தேர்தல் நேரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. எவ்வளவு நேரம் என்பது முந்தைய தேர்தல் செயல்பாட்டைப் பொறுத்தது. எந்த நாள் என்பது குலுக்கலில் முடிவாகும்.

அதே திட்டத்தில், இரண்டு குழு விவாதங்கள் வரை நடத்தவும் பிரசார் பாரதிக்கு வழி உண்டு. தகுதியுள்ள ஒவ்வொரு கட்சியும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அந்த விவாதத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் பெயருக்குத் தேர்தல் ஆணையம் ஒப்புதல் தரவேண்டும். அதாவது, "நெறியாளரை யார் தேர்வு செய்வது?" என்ற கேள்விக்கு இந்தியாவில் காகிதத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதை நடத்தும் வசதியுள்ள வானொலி நிலையம் இருப்பதும் மயிலாப்பூரில்தான், சாந்தோம் பக்கம் காமராஜர் சாலையில்.

குறை எங்கே? கட்சி யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். வேட்பாளரோ தலைவரோ வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் அதைப் பார்ப்பவர்களும் குறைவு.

விவாதம் வேண்டாம்னு சொல்றதிலும் நியாயம் இருக்கா?

இருக்கிறது. நன்றாகப் பேசுபவர் நன்றாக வேலை செய்வார் என்று உத்தரவாதம் இல்லை. காமராஜர் மேடை அலங்காரத்தால் பெயர் வாங்கியவர் இல்லை. அமெரிக்கா போல அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கே இல்லை, நாம் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ-வை, எம்.பி-யை. உட்கட்சிச் சண்டை எதிர்க்கட்சிக்கு ஆயுதமாகும் என்ற பயமும் பொய்யில்லை. 2022-ல் பிரிட்டனில் சுனக்கும் டிரஸ்ஸும் மறுத்ததால் ஸ்கை நியூஸின் ஒரு விவாதமே ரத்தானது. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் கிழிப்பது பெயரைக் கெடுக்கிறது என்ற கவலை அங்கேயும் இருந்தது.

ஆனால் இந்த வாதமெல்லாம் தலைவர்கள் மோதலுக்குத்தான் பொருந்தும். ஒரு தொகுதியின் நான்கு வேட்பாளர்கள் ஒரு சமூகக் கூடத்தில் உட்கார்ந்து வடிகால், பட்டா, குடிநீர், பார்க்கிங் பற்றி பதில் சொல்வதற்குப் பொருந்தாது. அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் பக்கம் குடியிருப்போர் சங்கங்கள் சிறிய அளவில் வேட்பாளர்களை அழைத்துப் பேச வைக்கும் முயற்சிகளை எடுப்பதுண்டு. அதற்கு கேமராவும் விதியும் சேர்ந்தால் போதும்.

வராதவரை என்ன செய்வது? 2019-ல் பிரிட்டனின் சேனல் 4, பருவநிலை விவாதத்துக்கு வராத பிரதமர் போரிஸ் ஜான்சனின் இடத்தில் உருகும் பனிக்கட்டிச் சிற்பம் ஒன்றை வைத்தது. கட்சி புகார் கொடுத்தது, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதை ஏற்கவில்லை. பனிக்கட்டி வேண்டாம். காலி நாற்காலியையும், அவரிடம் கேட்க இருந்த கேள்வியையும் காட்டினாலே வராததற்கு ஒரு விலை வந்துவிடும்.

அடுத்த முறை விவாதம் பார்க்கும்போது கவனிக்க...

- வந்திருப்பவர் முடிவு எடுப்பவரா, பதில் சொல்ல அனுப்பப்பட்டவரா?
- எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம் கிடைத்ததா?
- கேள்வியே பதிலைத் திணிக்கிறதா? 'ஆமா, இல்லை' என்று மட்டும் சொல்ல வைக்கிறதா?
- யார் வரவில்லை? ஏன் வரவில்லை என்று சேனல் சொன்னதா?

இந்த நான்கையும் பார்த்த பிறகும் நெறியாளர் மேல் கோபம் வந்தால், அது நியாயமான கோபம்தான். ஆனால் நான்காவது கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டூடியோவில் இல்லை. அவர் உங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வருவார். அப்போது கேட்கலாம்.